கை கொடுத்தவர்கள்

குழந்தையின் பெம்பர்ஸ் பட்டைகள் இரண்டும் நேராக ஒட்டியிருந்தன.

தினேஸ்வரி மெத்தைமேல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்த மழை இன்னும் விடவில்லை. சமையலறைத் தகரக் கூரையில் அது விழும் சத்தமும், வீட்டோரக் கால்வாயில் தண்ணீர் சுழித்து ஓடும் சத்தமும், மின்விசிறி தலையைத் திருப்பும்போதெல்லாம் எழும் மெல்லிய முனகலும் சேர்ந்து அவளைத் தூங்க வைத்திருந்தன. பாலைக் குடித்துவிட்டுக் குழந்தை கண் செருகியதும் அவளும் பக்கத்திலேயே சாய்ந்திருந்தாள். விழித்தபோது அறை சாம்பல் நிறமாகிக் கிடந்தது. குழந்தை விழித்திருந்தது, அழவில்லை. இடுப்பில் புதுப் பெம்பர்ஸ். பழையதை யாரோ சுருட்டிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையின் வாயில் சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டுக் கதவோரம் வைத்திருந்தார்கள்.

தினேஸ்வரியால் அப்படி முடிச்சுப் போட முடியாது. பிறக்கும்போதே அவளுக்கு இரண்டு கைகளும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்திருந்தன. பெம்பர்ஸின் ஒரு பக்கத்தைக் கால் விரல்களால் அழுத்திக்கொண்டு, பட்டையைப் பல்லால் கவ்வி இழுத்துத்தான் ஒட்டுவாள். இடதுபக்கப் பட்டை எப்போதும் கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளும். நுனியில் பல் பதிந்திருக்கும். இதில் பல் பதியவில்லை.

எழுந்து வீட்டைச் சுற்றி வந்தாள். முன்பக்க இரும்புக் கிராதி பூட்டியிருந்தது. சமையலறைக் கதவில் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து குழந்தையின் தலையில் முகத்தை வைத்தபோதுதான் அந்த வாசனை தெரிந்தது. பால் வாசனைக்கு மேலே, மிக லேசாக, வெங்காயம் நறுக்கிய கையின் வாசனை. அன்று வீட்டில் யாரும் வெங்காயம் நறுக்கவில்லை.

கணவன் பவித்ரன் ஈப்போவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தரையில் கிடந்த போனைக் கால் கட்டைவிரலால் தட்டி அவனை அழைத்து, நடுவில் வீட்டுக்கு வந்தீர்களா என்று கேட்டாள். லோரி நிற்கிறது, எப்படி வர முடியும் என்றான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். தூக்கக் கலக்கத்தில் நீயே மாற்றியிருப்பாய், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நான் வண்டி ஓட்டி வந்ததே எனக்கு எத்தனையோ நாள் ஞாபகம் இருந்ததில்லை என்றான். அவளும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த முடிச்சை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

*

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை விற்றபோது தோட்டத்து ஆட்களுக்கென்று கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் அவர்களுடையது கடைசி. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. பின்னால் வெட்டாமல் விட்டுப்போன சில ரப்பர் மரங்கள், அதற்கப்பால் செம்பனைத் தோட்டம். கல்யாணமாகி வந்த புதிதில் பகல் முழுக்கத் தனியாக இருந்த சலிப்பில்தான் தினேஸ்வரி டிக்டாக்கில் இறங்கினாள். காலால் வெங்காயச் சம்பால் வதக்குவது, கால் விரலில் பென்சிலைப் பிடித்துக் கண்ணுக்கு மை தீட்டுவது, பல்லால் ஊசியில் நூல் கோப்பது. பேச்சு அவளுக்கு நன்றாக வரும். கேலியும் வரும். ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பொண்ணு மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஏழாம் மாதத்திலேயே குழந்தை ரேஷ்வினி பிறந்துவிட்டாள். ஈப்போ ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்க வட்டமாக ஓட்டைகள் உண்டு. மற்ற அம்மாக்கள் கையை விட்டுப் பிள்ளையின் உள்ளங்காலைத் தடவுவார்கள். தினேஸ்வரியின் கை உள்ளே போகும், பிள்ளைவரைக்கும் எட்டாது. தாதிகள் நல்லவர்கள், பெட்டியைத் திறந்து அவள் மார்பில் போட்டுக் கட்டிவிடுவார்கள். அந்த நேரம் மட்டும் அவளுக்குச் சாப்பாடு, தூக்கம், உலகம் எதுவும் வேண்டியிருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு பெம்பர்ஸ் மாற்றுவதை ஒரு வீடியோவாகப் போட்டாள். பெருமையாகத்தான் போட்டாள்.

மறுநாள் விடிந்தபோது எல்லாம் மாறியிருந்தது. குறைமாசப் பிள்ளைமேல் வாயை வைக்கிறாள், கிருமி போய்விடாதா என்றார்கள். தலையைப் பிடிக்காமல் தூக்குகிறாள் பார் என்று அந்த ஒரு நொடியை மட்டும் வெட்டி, சிவப்பு வட்டம் போட்டுப் பரப்பினார்கள். அக்கா நீங்கதான் எங்களுக்குத் தெய்வம் என்று எழுதியவர்களே இதற்கெல்லாம் எதற்குப் பிள்ளை என்று கேட்டார்கள். அப்பாவு என்ற பெயரில் யாரோ ஒருவர், ‘பாவம், அந்தப் புள்ளைக்கு ரெண்டு கை வேணும். நாமதான் கை குடுக்கணும்’ என்று எழுதினார். அதற்குக் கீழே ஒவ்வொருவராக ஒரு கைப்படத்தைப் போட ஆரம்பித்தார்கள். வார்த்தை இல்லை. வெறும் கை. கால் விரலால் திரையைத் தள்ளத் தள்ள மஞ்சள் கைகள் மேலே வந்துகொண்டே இருந்தன.

வீடியோ போடுவதை நிறுத்திப் பார்த்தாள். உடனே பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறாள் என்று போலீஸில் புகார் கொடுத்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு போனார். அதற்குப் பிறகு தினமும் ஏதாவது போட்டாள். பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்காகவே போட்டாள்.

*

முடிச்சுக்குப் பிறகு மற்றவையும் நடந்தன.

பால் போத்தல்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. குழந்தையின் தலைமுடிக்கு எண்ணெய் தடவி வகிடு எடுத்திருந்தது. எல்லாம் அவள் குளிக்கும்போது, அரிசி களையும்போது, மழைச் சத்தத்தில் கொஞ்சம் கண்ணயரும்போது. ஒவ்வொரு தடவையும் குழந்தையின்மேல் வேறு வேறு வாசனை. ஒரு நாள் சந்தன சோப்பு. ஒரு நாள் சிகரெட். ஒரு நாள் கோயில் விபூதி. ஒரே ஆள் என்றிருந்தால்கூட அவளுக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

யாரிடம் சொல்வது? சொன்னால் புத்தி கெட்டுவிட்டது என்பார்கள். புத்தி கெட்டவளிடம் குறைமாசப் பிள்ளையை விட்டுவைப்பார்களா? பவித்ரனிடம் பாதி சொன்னாள். இப்போதெல்லாம் அவன் வேலை முடிந்து வந்ததும் முதலில் அவளைத்தான் கவலையோடு பார்த்தான், பிறகுதான் பிள்ளையை. அந்தப் பார்வைக்குப் பிறகு மீதியைச் சொல்ல முடியவில்லை. வீடியோவுக்குக் கீழே மட்டும் இப்போது வேறு மாதிரி எழுதினார்கள். இன்றைக்குப் பரவாயில்லை. இன்றைக்குப் பிள்ளை சுத்தமாக இருக்கிறது. இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சமூகநல அலுவலகத்திலிருந்து அனுஜா என்ற பெண் வந்தாள். நடுத்தர வயது, மென்மையான பேச்சு. புகார் வந்தால் பார்த்துத்தான் ஆக வேண்டும், தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தாள். குழந்தையைத் தூக்கினாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள், கழுத்து மடிப்பைப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றி, குழந்தையின் விரல்களை விரித்துப் பார்த்து நின்றாள்.

தினேஸ்வரியும் அப்போதுதான் பார்த்தாள். குழந்தையின் நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. பூ மாதிரியான அந்த நகங்களைத் தொடப் பவித்ரனுக்கே பயம்; அதனால்தான் உறை மாட்டி வைத்திருந்தார்கள். இப்போது ஒவ்வொன்றும் அளவாக, பிறை வடிவில் இருந்தது.

“நகமெல்லாம் வடிவா வெட்டியிருக்கு. யார் வெட்டினது?” என்றாள் அனுஜா.

ஃபேன் தலையைத் திருப்பியது. தெரியாது என்றால் என்ன ஆகும் என்று தினேஸ்வரிக்குத் தெரியும்.

“நான்தான்,” என்றாள்.

அனுஜா அவளுடைய கைகளைப் பார்த்தாள். கால்களைப் பார்த்தாள். வீடியோக்களில் அந்தக் கால் செய்யாத வேலை இல்லை. புன்னகையோடு தலையாட்டிவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்றே எழுதுவதாகச் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு காரை எடுத்துப் போய்விட்டாள்.

தினேஸ்வரி கிராதிக்குப் பின்னால் நின்றாள். முதுகுக்குப் பின்னால், அறைக்குள், கைதட்டுகிற மாதிரி ஒரு சத்தம். மெல்ல. ஒரு தரம். பிறகு நிறையப் பேர் சேர்ந்து, தூங்கும் குழந்தை விழித்துவிடாதபடி அடக்கித் தட்டுகிற மாதிரி. மழையாகத்தான் இருக்கும் என்று வெளியே பார்த்தாள். மழை பெய்யவில்லை.

*

அதற்குப் பிறகு அவள் கண்ணயரும்வரை அந்தக் கைகள் காத்திருக்கவில்லை.

அடுத்த அறையில் இருக்கும்போதே தொட்டில் ஸ்பிரிங் கிரீச் கிரீச்சென்று ஆட ஆரம்பிக்கும். ஓடி வந்தால் சாரோங் துணித் தொட்டில் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், உள்ளே குழந்தை அமைதியாக மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அழத் தொடங்கும், அவள் போய்ச் சேர்வதற்குள் அழுகை நின்றுவிடும். சமாதானமாகித் தேம்பலாக முடியாது. யாரோ தூக்கிவிட்டதுபோல் சட்டென்று நிற்கும். குளிக்கப் போவதை விட்டாள். அரிசிப் பானையைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு களைந்தாள். ஒருமுறை தும்மினாள். தும்மிக் கண் திறப்பதற்குள் குழந்தையின் வாயோரப் பால் துடைக்கப்பட்டிருந்தது.

எல்லாவற்றையும்விட அவளால் தாங்க முடியாதது வேறு. குழந்தைக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. கை நுனிகளால் அணைத்துத் தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. நெற்றியில் முத்தமிட்டால் முகத்தைச் சுளித்துத் திரும்பியது. ஆஸ்பத்திரியில் அவள் மார்பில் ஒட்டிக்கொண்டு தூங்கிய அதே பிள்ளை. கீழே போட்டதும், அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்து, வாயைக் குவித்துக் குழைந்தது.

வியாழக்கிழமை போட்ட வீடியோவில் அவள் குழந்தைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மதியம் பவித்ரன் அரை நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. கிடங்கில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். போனை அவள் முன் நீட்டினான். அவள் பாடுகிறாள். குழந்தையின் தலை லேசாகச் சரிகிறது. திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்து தலைக்கு அடியில் பொருந்துகிறது. கண்ணாடி வளையல் போட்ட, சிவப்பு நகப்பூச்சு பாதி உரிந்த, பெண் கை. தலையை நேராக்கிவிட்டு விலகிக்கொள்கிறது. பாடிக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியவே இல்லை.

கீழே ஆட்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் வைத்துக்கொண்டுதான் தனியாகச் செய்கிறேன் என்று ஏமாற்றினாயா? யார் அந்தக் கை? முகத்தைக் காட்டச் சொல்.

“யாரு தினேஸ் இது?” என்றான் பவித்ரன். குரல் உயரவில்லை. “எனக்குத் தெரியாம யாரு வூட்டுக்கு வாரா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முடிச்சு, வாசனைகள், நகம், கைதட்டல். அவன் வீடியோவை மறுபடி ஓடவிட்டு நிறுத்தினான். அந்தக் கை வந்த பக்கத்தில் சுவர்தான் இருந்தது. தொட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடமே இல்லை. எழுந்து போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“குமுதா அக்கா வூட்டுக்குப் போயிரலாம்,” என்றான்.

பாகான் செராயில் இருக்கும் அவன் அக்கா. அந்த வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும். போனை அணைத்துப் பெட்டிக்குள் எறிந்தான். துணிகளைப் பையில் திணித்தான். காலையிலிருந்து பெய்த மழையில் சந்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றதால் காரை முனைக் கடையோரம் விட்டுவிட்டு நடந்துதான் வந்திருந்தான். பைகளைக் காரில் வைத்துவிட்டு, மேட்டுப் பக்கமாகச் சுற்றி வாசலுக்கே ஓட்டி வருவதாகச் சொன்னான்.

“ஹார்ன் அடிப்பேன். நீ வர வேணாம், நானே கொடையோட உள்ள வாரேன். புள்ளையப் பார்த்துக்கிட்டே இரு. கண்ண எடுக்காத லா.”

அவள் தலையசைத்தாள். அவன் தண்ணீரில் இறங்கி நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு மழை மட்டும்.

*

கரண்டு போயிற்று. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

அவள் தொட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜன்னல் வழியே வந்த பகல் வெளிச்சம் தண்ணீரில் கரைத்த சாம்பல் மாதிரி இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. துணிக்குக் கீழே அதன் முதுகு, சின்ன உருண்டையாக. மூச்சுக்கு ஏற்ற மாதிரி துணி விம்மித் தாழ்ந்தது.

அந்த உருண்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று.

கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். துணி உள்ளிருந்து மெதுவாகப் புடைத்தது. ஒரு விரல். பக்கத்தில் இன்னொன்று. ஐந்தும் விரிந்தன. அதற்கு அந்தப் பக்கம் வேறொரு கை, தடித்தது. அதற்கும் கீழே இன்னொன்று. குழந்தைக்கு அடியில், பாய் பின்னியதுபோல், ஒன்றோடொன்று கோத்து.

கத்தவில்லை. கத்தினால் விழித்துக்கொள்ளும் என்று தோன்றியது, குழந்தை அல்ல.

அடி எடுத்து வைத்தாள். எதுவானாலும் பிள்ளையை எடுத்துவிட வேண்டும். தண்ணீரில் இறங்கியாவது ஓடிவிட வேண்டும். தொட்டிலுக்குள் இரண்டு கைகளையும் நுழைத்தாள். குழந்தையின் சூடான முதுகு பட்டது. அதற்கு அடியில், குளிர்ந்து, ஈரமாக, விரல்கள்.

அவை தடுக்கவில்லை. விலகி இடம் விட்டன.

தூக்கினாள்.

இத்தனை சுலபமாக அவள் எப்போதும் பிள்ளையைத் தூக்கியதில்லை. தலை சரியவில்லை. உடம்பு வளையவில்லை. குழந்தை அழவில்லை. மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆஸ்பத்திரியில் இருந்த அந்தச் சந்தோஷம் திரும்ப வந்தது.

பிறகு கீழே பார்த்தாள்.

அவள் கைகள் முடிகிற இடத்தில் கைகள் முடியவில்லை.

வலதுபக்கம், தோல் சுருங்கி நரம்பு புடைத்த ஒரு கிழவியின் கை. குழந்தையின் தலையைத் தாங்கியிருந்தது. இடதுபக்கம் ஒரு ஆணின் கை. மோதிரம் இறுகி வீங்கிய விரல். குழந்தையின் இடுப்பை அணைத்திருந்தது. இரண்டும் அவளுடைய சதையிலிருந்து தொடங்கின. தையல் இல்லை. தழும்பு இல்லை.

உதறினாள். அவை உதறவில்லை. குழந்தையை இன்னும் பதமாகப் பிடித்தன. கட்டைவிரல் குழந்தையின் கன்னத்தைத் தடவியது. அவள் தடவவில்லை.

வாசலில் ஹார்ன் அடித்தது.

வாயைத் திறந்தாள். என்னங்க என்று கூப்பிட. பல்லால் அந்த விரலைக் கடித்து இழுக்க. அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

பின்னாலிருந்து, தோளுக்கு மேலே, கண்ணாடி வளையல் மெல்லக் குலுங்கியது. ஒரு கை வந்து அவள் வாயின்மேல் படிந்தது. இறுக்கவில்லை. பேசுகிற பிள்ளையை அடக்கும் அம்மாவைப்போல், சும்மா இரு என்று சொல்வதைப்போல், மெத்தென்று படிந்தது. அப்படியே நின்றது.

ஹார்ன் மறுபடி அடித்தது. கார்க் கதவு சாத்துகிற சத்தம். தண்ணீரில் செருப்பு.

குழந்தை கண்ணைத் திறந்து, அவளை அல்லாமல் அந்தக் கைகளை, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தது.